பழைய எஸ்டேட் காரில் தண்ணீர் ஒழுகல்: தண்டையார்பேட்டை ஷெட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 2006 மாடல் டீசல் எஸ்டேட், அதாவது கூரை பின் கதவு வரை நீண்டு, டிக்கியும் சீட்டுப் பகுதியும் ஒன்றாக இருக்கிற கார். உரிமையாளர் மண்ணடிக்காரர், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி, லுங்கி சப்ளை செய்கிறவர். பின் சீட்டை மடக்கினால் மூட்டை தாராளமாகப் போகும், மேலே கூரைக் கம்பியில் (ரெயில்) இன்னும் ரெண்டு மூட்டை கட்டலாம் என்பதற்காகவே ஆர்.சி.யைப் புதுப்பித்து இதை ஓட்டிக்கொண்டிருக்கிறார். நம் நாட்டில் எஸ்டேட் வண்டி எப்போதுமே அபூர்வம். டாடா எஸ்டேட், பலேனோ ஆல்டுரா, இண்டிகோ மரினா, ஆக்டேவியா கோம்பி என்று ஒவ்வொன்றாக வந்து, அதிகம் விற்காமல் நின்றுபோயின. வைத்திருப்பவர்கள் மட்டும் லேசில் விடமாட்டார்கள். இது எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போகிற கோளாறுகள் வயசாலும் பாரத்தாலும் கைவேலையாலும் வந்தவை; இந்த உடலமைப்பு உள்ள எந்தப் பழைய வண்டியிலும் இருக்கலாம்.

உரிமையாளர் பாய் சொன்ன புகார் நீளமானது. மழை பெய்தால் டிக்கியில் தண்ணீர் தேங்கி ஸ்டெப்னி பாதி மூழ்குகிறது. பின் சீட்டில் இடது பக்கம் கால் வைக்கும் இடம் சதசதவென்று இருக்கிறது. முன்னால் இடது சீட்டுக்குக் கீழேயும் ஈரம். காலையில் வண்டியை எடுத்தால் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி படிந்து நிற்கிறது. நாற்றம் தாங்கவில்லை. இதையெல்லாம் விட அவரைக் கஷ்டப்படுத்தியது ஒரு நைட்டி மூட்டை. அடிப்பக்கம் நனைந்து, சிவப்புச் சாயம் இறங்கி, கடைக்காரர் மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்பிவிட்டார். "சாயம் எறங்கின துணிய யாரு தம்பி வாங்குவாங்க?" என்றார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்: இப்போதெல்லாம் கதவை ஓங்கிச் சாத்தினால்தான் மூடுகிறது. அதை அவர் புகாராகச் சொல்லவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

ஏற்கெனவே ஒரு ஷெட்டில் வேலை பார்த்திருந்தார்கள். பின் கதவைச் சுற்றி பீடிங் (ரப்பர் பட்டை) ஓரமாகத் தாராளமாக சிலிகான் பூசி, கார்பெட்டுக்கு அடியில் இருக்கிற ஈரமான பழைய ஃபெல்ட் மெத்தையின் மேலேயே புது கார்பெட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மழைகூடத் தாங்கவில்லை.

எஸ்டேட் வண்டி ஏன் இப்படி ஒழுகுகிறது என்று கேட்டால், தண்ணீர் நுழைய அதற்கு வழிகள் அதிகம். செடானில் டிக்கி தனி அறை. அங்கே ஒழுகினால் அங்கேயே நிற்கும், சீட்டுப் பக்கம் தெரியாது. எஸ்டேட்டில் முன் கண்ணாடியிலிருந்து பின் கதவு வரை ஒரே கூடம். கூரை நீளம். கூரையில் ரெயில் மாட்ட ஓட்டைகள். பின் கதவு பெரிசு, அதன் பீடிங்கும் நீளம். பக்கவாட்டில் கூடுதலாக இரண்டு ஒட்டுக் கண்ணாடி. பின் கண்ணாடிக்கு வைப்பர், அதற்குத் தண்ணீர் கொண்டுபோக பானெட்டிலிருந்து கூரை லைனிங்குக்குள்ளேயே ஒரு குழாய். இதில் எது விட்டாலும் தண்ணீர் இறங்குவது உள்ளேதான். இறங்கிய ஈரம் ஒரு மூலையில் இருந்தாலும் வண்டி முழுக்க நாறும்.

கருவி எதையும் கையில் எடுப்பதற்கு முன்னால் நான் கேட்கிறது ஒரே விஷயம்: எப்போது நனைகிறது? மழையில் நின்றபோதா, மழையில் ஓடியபோதா, வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த பிறகா, தண்ணீர் தேங்கின ரோட்டில் போன பிறகா, ஏசி போட்ட நாளிலா? ஈரம் எங்கே இருக்கிறது என்பதைவிட இது பல மடங்கு உபயோகமான கேள்வி. தண்ணீர் உள்ளே வந்ததும் தகட்டின் மடிப்புகளைப் பிடித்துக்கொண்டு எங்கே பள்ளமோ அங்கே போய்ச் சேரும். நுழைந்த இடத்துக்கும் தேங்கின இடத்துக்கும் சில சமயம் ஒரு ஆள் நீளம் தூரம் இருக்கும். ஈரத்தைப் பார்த்து சீலன்ட் (அடைப்புப் பசை) பூசுகிறவர்கள் தோற்பது இதனால்தான்.

பாய் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். டிக்கியும் பின் சீட்டும் மழையில் நின்றால் நனைகின்றன. ஆனால் எப்போதும் ரெண்டும் சேர்ந்து நனைவதில்லை. சில நாள் டிக்கி, சில நாள் பின் சீட்டு. முன் பக்கம் மட்டும் கணக்கு வேறு. "மே மாசத்துலயும் அங்க ஈரம் இருந்துச்சு தம்பி. கத்திரி வெயில்ல மழை ஏது?" அந்த ஒரு வார்த்தையில் வழக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மழைக்காலத்து ஒழுகல் வேறு, வெயில்காலத்து ஒழுகல் வேறு. பழைய வண்டியில் ஒரே ஓட்டைதான் இருக்கும் என்று தேடுகிறவர், ஒன்றைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடுவார். மிச்சம் இருக்கிறவை அடுத்த மழையில் அவரைப் பொய்யராக்கிவிடும்.

பிரித்தது

சீட்டுகளைக் கழற்றி, படி ஓரத்துப் பிளாஸ்டிக்கை எடுத்து, கார்பெட்டைத் தூக்கினோம். மேலே தொட்டால் லேசான ஈரம்தான். அடியில் இருந்த ஃபெல்ட்டைப் பிழிந்தால் கருப்புத் தண்ணீர் ஊற்றியது. அதைக் காயவைத்து மறுபடி போடலாமா என்று ஷெட் பையன் கேட்டான். கூடாது என்றேன். கடல் பக்கத்து ஊரில் அந்த ஃபெல்ட் காய்ந்தாலும் உள்ளே இருக்கிற உப்பும் சாக்கடை மண்ணும் அப்படியே இருக்கும். ஈரக்காற்றை மறுபடி இழுத்துக்கொள்ளும். அப்படியே குப்பையில் போட்டோம்.

தகட்டில் அங்கங்கே துரு, ஓட்டை விழும் அளவுக்கு இல்லை. பின் சீட்டுக்குக் கீழே போகிற ஒயர் கட்டில் ஒரு கனெக்டர் மட்டும் பச்சை பூத்திருந்தது. பழைய வண்டி என்பதால் தரையில் எலக்ட்ரானிக்ஸ் குறைவு. கொஞ்சம் புதிய வண்டிகளில் கண்ட்ரோல் யூனிட்டே சீட்டுக்குக் கீழே இருக்கும், இவ்வளவு தண்ணீர் நின்றால் செலவு எங்கேயோ போயிருக்கும்.

பின் இடது பக்கம் தரையில் ஒரு ரப்பர் மூடியைக் காணோம். வண்டித் தரையில் இப்படிப் பல ஓட்டைகள் உண்டு. தயாரிக்கும்போது பெயின்ட் வடிவதற்கு விட்டவை, ரப்பர் மூடி போட்டு அடைத்திருப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த வண்டி வியாசர்பாடியில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் தண்ணீரில் நின்றதாம். அப்போது உள்ளே வந்த தண்ணீரை வடிக்க யாரோ மூடியைக் கழற்றியிருக்கிறார்கள், திரும்பப் போடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ரோட்டில் தேங்கின தண்ணீரில் இறங்கும்போதும் அந்த ஓட்டை வழியாக உள்ளே பீய்ச்சியிருக்கிறது. கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் மழைநாளில் போய் வருகிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட தண்ணீர் என்று சொல்லத் தேவையில்லை. நாற்றத்தில் பெரும் பங்கு அதுதான். மூடி விலை சில ரூபாய்.

முன் பக்கம்

முன் இடது பக்கத்து ஈரத்துக்குச் சந்தேகப்பட வேண்டியவை மூன்று. ஒன்று, ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடு தருகிற சின்ன ரேடியேட்டர்) ஒழுகல். அதில் வருவது இன்ஜின் கூலன்ட், தொட்டால் பிசுபிசுக்கும், இனிப்பு வாடை அடிக்கும், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போலப் படியும். இங்கே தண்ணீர் சுத்தம், கூலன்ட் அளவும் குறையவில்லை. இரண்டு, வைப்பருக்குக் கீழே இருக்கிற தொட்டி. அதன் வடிகால் இலையால் அடைத்தால் தண்ணீர் ஏறி புளோயர் (ஏசி காற்றாடி) வழியாக உள்ளே கொட்டும். இந்த வண்டியில் வேப்பஞ்சருகு கைநிறைய வந்தது, ஆனால் வாளித் தண்ணீரை ஊற்றியபோது வடிந்துவிட்டது. மூன்றாவது, ஏசி.

வெயிலில் ஏசி போட்டு நிற்கிற எந்த வண்டிக்குக் கீழேயும் ஒரு சின்னக் குட்டை இருக்கும். சென்னைக் காற்றின் ஈரப்பதத்துக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல்கூட வடியலாம். இந்த வண்டியை ஏசி போட்டு ஓடவிட்டு அரைமணி கழித்துக் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் முழுக்க உள்ளே போகிறது.

வடிகால் குழாயைக் கீழேயிருந்து மெதுவாகக் குத்தியபோது சேறு போல ஒன்று வந்தது, அதைத் தொடர்ந்து தண்ணீர் கொட்டியது. சேற்றை விரலில் தேய்த்துப் பார்த்தால் நூல் நூலாக இருந்தது. துணி மூட்டையிலிருந்து பறக்கிற பஞ்சு! ஏசியை உள்காற்றில் வைத்தே வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறார். இந்த வண்டியில் ஏசிக்குப் போகிற காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டர் கிடையாது. பஞ்சு நேராக குளிர்ப்பெட்டியில் ஒட்டி, தண்ணீரோடு இறங்கி, குழாயை அடைத்திருக்கிறது. இப்படிப்பட்ட அடைப்புக்கு கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் விடக்கூடாது. உள்ளே குழாய் கழன்றுகொண்டால் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். மெல்லிய கம்பியும் பொறுமையும் போதும்.

பின் பக்கம்

இங்கேதான் நேரம் போனது, போக வேண்டியதும்தான். முதலில் உள்ளே முழுக்கத் துடைத்து, பெடஸ்டல் ஃபேன் வைத்துக் காயவிட்டோம். ஈரத்தின் மேல் சோதனை செய்தால் எது பழைய தண்ணீர், எது புதுத் தண்ணீர் என்று தெரியாது. காய்ந்த பிறகு டிக்கியின் பக்கச் சுவர்கள், ஸ்டெப்னி குழி, கதவு ஓரத்துத் தகடு எல்லாவற்றிலும் முகப்பவுடரைத் தூவினேன். வெறும் டால்கம்தான். ஒரு சொட்டு ஓடினாலும் அதன் தடம் கோடாகத் தெரியும்.

எஸ்டேட்டில் ஒரு வசதி, ஆள் உள்ளே படுத்துக்கொண்டு பின் கதவைச் சாத்திக்கொள்ளலாம். டார்ச்சோடு நான் உள்ளே, ஹோஸோடு பையன் வெளியே. ஹோஸ் முனையில் எதையும் மாட்டக்கூடாது, தண்ணீர் மழை போல வழிய வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் நல்ல பீடிங்கையும் தாண்டி உள்ளே வரும். இல்லாத ஒழுகலைக் காட்டிவிடும். அப்புறம், கீழேயிருந்துதான் மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எதன் வழியாக வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பம்பர் மட்டத்தில் ஒன்றும் இல்லை. டெயில் லேம்ப் வலது, ஒன்றும் இல்லை. இடது லேம்ப்பில் சில நிமிஷம் கழித்து பவுடரில் ஒரு கோடு இறங்கியது. லேம்ப்பைக் கழற்றினால் பின்னால் இருந்த ஃபோம் கேஸ்கெட் இறுகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. ஸ்டெப்னி குழிக்கு இது ஒரு வழி. பின் கண்ணாடியும் பீடிங்கும் சுத்தம். முந்தைய ஷெட்டில் அவ்வளவு சிலிகான் பூசிய பீடிங்கில் ஒழுகலே இருந்ததில்லை.

கூரைக்கு வந்தோம். ஓரத்துப் பள்ளப் பட்டையில் ஊற்றினால் ஒன்றும் இல்லை. வலது ரெயிலின் கால்கள் ஒவ்வொன்றாக, ஒன்றும் இல்லை. இடது ரெயிலின் நடுக்காலில் ஊற்றச் சொல்லி, லைனிங்கின் ஓரத்தை இறக்கி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். போல்ட்டின் முனை தகட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் மரையின் பள்ளங்களில் ஒரு மினுமினுப்பு மட்டும். அது மரையைச் சுற்றிச் சுற்றி இறங்கி, நுனியில் ஒரு சொட்டாகத் திரண்டு, விழாமல் நின்றது. அடுத்த சொட்டு வந்து சேர்ந்ததும் கீழே விழவில்லை. பக்கத்தில் இருந்த குறுக்குச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு இடது பக்கமாக நகர்ந்தது. சட்டம் கூரை ஓரத்தைத் தொடுகிற இடத்தில் காணாமல் போனது.

பின் சீட்டில் சில நாள், டிக்கியில் சில நாள் என்பதற்கு விடை அங்கேதான் இருந்தது. பின் சக்கரத்தை ஜாக்கியில் கொஞ்சம் தூக்கி, மூக்கு சரிந்து நிற்கும்படி வைத்தால் கூரை ஓரத்தில் போன தண்ணீர் முன்னோக்கி வந்து, பின் சீட்டுக் கதவின் தூணுக்குள் இறங்கி, பின் சீட்டுக் கால்பக்கம் வெளியே வந்தது. முன் சக்கரத்தைத் தூக்கினால் அதே தண்ணீர் பின்னோக்கிப் போய், கடைசித் தூண் வழியாக டிக்கியில் இறங்கியது. பாயின் சந்தில் ரோடு ஒரு பக்கம் சரிவு. வீட்டு வாசலில் இடம் கிடைத்தால் ஒரு திசையில், கிடைக்காத நாளில் எதிர் முனையிலிருந்து வந்து மறு திசையில் நிறுத்துவாராம். ஒரே ஓட்டைதான், நிறுத்துகிற திசைக்கு ஏற்ப இரண்டு இடங்களை நனைத்துக்கொண்டிருந்தது. அவரிடம் டார்ச்சைக் கொடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் மூட்டைதான். ரெயிலில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டும்போது, பள்ளம் மேட்டில் போகும்போது, அந்தக் கால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆடும். அடியில் இருக்கிற ரப்பர் நசுங்கித் தேய, பெயின்ட் உரிந்து தகடு வெளியே வரும். உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கழற்றியபோது வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை துருவால் நீள்வட்டமாகியிருந்தது.

அடைத்தது

பற்றவைக்கலாம் என்று தகடு வேலை பார்க்கிற டிங்கர் சொன்னார். கூரைத் தகட்டில் சூடு பட்டால் நெளியும், கீழே லைனிங் வேறு இருக்கிறது, வேண்டாம் என்றேன். துருவைச் சுத்தமான தகடு தெரியும்வரை சுரண்டி, ரஸ்ட் கன்வெர்ட்டர் (துரு மருந்து) தடவி, பிரைமரும் பெயின்ட்டும் போட்டோம். ஓட்டை பெரிதாகியிருந்ததால் மேலும் கீழும் அகலமான ஸ்டெயின்லெஸ் வாஷர். காலுக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டுகிற ரப்பர் பட்டை), போல்ட்டின் மரையில் பாலியூரிதேன் சீலன்ட், மேலே புது ரப்பர். ரப்பர் ஷீட் புதுப்பேட்டையில் வாங்கி, பழைய அளவுக்கு வெட்டியது. போல்ட்டை ஒரேயடியாக முறுக்கினால் பியூட்டைல் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும், ஒன்றும் மிஞ்சாது. அதனால் எல்லாக் கால்களையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஒழுகாத கால்களையும் சேர்த்தே செய்தேன். அவற்றுக்கும் அதே வயசுதான். டெயில் லேம்ப் இரண்டுக்கும் அப்படியே புது ஃபோம்.

சிலிகான் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாத்ரூமுக்குப் பூசுகிற சாதாரண சிலிகான் காயும்போது வினிகர் மாதிரி புளித்த வாடை வரும். அது அசெட்டிக் அமிலம். பெயின்ட் உரிந்த தகட்டின் மேல் பூசினால் அடியில் துருவை அதுவே தொடங்கிவைக்கும். அதன் மேல் பெயின்ட்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது. பீடிங் ஓரத்திலிருந்து அதைச் சுரண்டி எடுக்கத்தான் எங்களுக்கு அதிக உழைப்பு போனது. எடுத்த இடத்தில் விளிம்பு முழுக்க செம்பழுப்புத் துரு. வண்டித் தகட்டுக்கு பாலியூரிதேன் சீலன்ட்தான் சரி. அதுவும் காற்றின் ஈரத்தை வாங்கி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும், அவசரப்படக்கூடாது.

அந்த சிலிகான் இன்னொரு வேலையும் செய்திருந்தது. பின் பம்பருக்குப் பின்னால், இரு பக்கமும் ரப்பர் இதழ்கள் வைத்த காற்றுப் போக்கிகள் உண்டு. உள்ளே இருக்கிற காற்று வெளியேறவும், கதவைச் சாத்தும்போது அழுத்தம் குறையவும் வைத்தவை. தண்ணீர் அங்கிருந்து வருகிறது என்று நினைத்து இரண்டையும் சிலிகானால் ஒட்டிவிட்டிருந்தார்கள். கதவு ஓங்கிச் சாத்தினால்தான் மூடியது இதனால்தான். உள்ளே வந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியில் படிந்ததற்கும் இது ஒரு காரணம். இதழ்களை விடுவித்ததும் கதவு ஒற்றை விரலில் மூடியது. பாயின் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு.

தரையை நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று தடவை கழுவி, உப்பு போன பிறகு காயவைத்து, துரு இருந்த இடங்களுக்கு மருந்து போட்டு, மடிப்புகளில் சீலன்ட் இட்டோம். பச்சை பூத்த கனெக்டரை மாற்றினோம். கார்பெட் மட்டும் போடவில்லை. ரெண்டு மூணு நல்ல மழை போகட்டும், வெறும் தரையோடு ஓட்டுங்கள் என்றேன். ஹோஸ் சோதனை எவ்வளவு செய்தாலும் வடகிழக்குப் பருவமழைக்கு ஈடாகாது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது, அதுவும் காற்றோடு சாய்ந்து வரும்.

நல்லவேளை அப்படிச் செய்தோம். மழை வந்தது, பின்னால் பவுடர் கலையவில்லை, ஏசித் தண்ணீர் வெளியே சொட்டியது. ஆனால் டிரைவர் பக்கம் படியோரமாக ஒரு புது ஈரம். கதவு டிரிம்மைப் பிரித்தால், பவர் விண்டோ ரிப்பேர் செய்தவர் உள்ளே இருந்த பாலித்தீன் தாளைக் கிழித்துவிட்டுச் சும்மா விட்டிருந்தார். கதவுக்குள் கண்ணாடி வழியாகத் தண்ணீர் இறங்குவது சகஜம், கீழே இருக்கிற துவாரங்கள் வழியாக வெளியே போய்விடும். உள்ளே வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். கெட்டியான புதுத் தாள் வெட்டி, சுற்றிலும் பியூட்டைல் டேப் வைத்து ஒட்டி, கீழே அடைத்திருந்த துவாரங்களையும் குத்திவிட்டோம்.

அதற்குப் பிறகு வந்த மழையில் எங்கும் ஈரமில்லை. புது ஃபெல்ட்டும், கழுவிக் காயவைத்த கார்பெட்டும் போட்டாயிற்று. பொருளுக்கு ஆன செலவு பழைய ஷெட்டில் போட்ட புது கார்பெட் விலையைவிடக் குறைவு, மீதியெல்லாம் கூலி. ரெயிலில் மூட்டை கட்டுவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். தொழிலுக்கு அது ஆகாது என்றார், நியாயம்தான். அதனால் வருஷா வருஷம் செப்டம்பரில் ரெயில் கால்களைத் தொட்டு ஆட்டிப் பார்ப்பதும், ஏசி வடிகாலைக் குத்திவிடுவதும், தரை மூடிகளைப் பார்ப்பதும் என் வேலை என்று பேசிக்கொண்டோம்.

பின் வைப்பரின் தண்ணீர்க் குழாயை மட்டும் சோதிக்க முடியவில்லை, பம்ப் எப்போதோ செத்துவிட்டது. அவருக்கு அது தேவையும் இல்லை. என்றைக்காவது பம்ப்பை மாற்றினால், பின் கதவுக் கீலுக்குப் பக்கத்தில் ரப்பர் உறைக்குள் மடங்குகிற குழாயைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சை அழுத்த வேண்டும் என்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.